பூச்சியம் காட்டிய வெப்பமானி

எங்கள் ஊரான சல்லியின் கரையில் அந்த மழைக்காலத்தில் கடல் மணலை அரித்துக்கொண்டு ஏறி வந்தது. ஆமை முட்டையிட்ட குழியொன்றை அலை தொடுகிறது என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். நான் நகரத்தில், வேலை பார்க்கும் கடலாமைப் பாதுகாப்பு நிலையத்தில் இருந்தேன். எங்கள் பொறுப்பாளரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். "நாங்கள் போக முதல் கடல் அள்ளிப்போடும். அப்பாவையே கொண்டுவரச் சொல்லுங்கோ" என்றார் அவர்.

அப்பா முட்டைகளை ஈரமணலோடு வாளியில் அடுக்கி, சைக்கிள் கரியரில் கட்டி, குண்டும் குழியுமான வீதியால் கொண்டுவந்து சேர்த்தார்.

"முந்தி நாங்கள் அவிச்சுத் திண்ட சாமான். இப்ப என்ர மகன் இதுக்குக் காய்ச்சல் பாக்கப் போறான்" என்று வாசற்காவலாளியிடம் சொல்லிச் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். எல்லோரிடமும் சொல்வார்.

மணல் நனைந்து குளிர்ந்து கிடந்ததால் முட்டைகளைப் பொரிக்கவைக்கும் பெட்டிக்குள் வைத்தோம். பெட்டியைச் சூடாக்குவது இலகு. எவ்வளவு சூடு என்று சரியாக அறிவதுதான் பாடு. கூடிப்போனால் குஞ்சு உள்ளேயே சாகும். குறைந்தால் பிந்தும், பெரும்பாலும் ஆணாகவும் போகும். நிலையத்தில் பழைய கண்ணாடி வெப்பமானி ஒன்றும், வயர் தொங்கும் புதிய டிஜிட்டல் ஒன்றும் இருந்தன. இரண்டும் ஒத்துவரவில்லை. எது சரியென்று பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

உருகும் ஐஸில் வைத்தால் சரியான வெப்பமானி பூச்சியம் காட்டும். ஐஸுக்கு நான் அலையவில்லை. அன்று மாலை வீட்டில் அப்பாவின் மீன்பெட்டிக்குள் மிச்சம் கிடந்த ஐஸை அள்ளி, பெட்டியில் நின்ற தண்ணீரோடு சேர்த்து ஏனத்தில் போட்டு, நிலையத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு வெப்பமானிகளையும் வைத்தேன். புதியது பூச்சியத்தில் நின்றது. கண்ணாடி, பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை இறங்கிப் போனது.

"எதடா சரி?" என்று அப்பா குனிந்து பார்த்தார்.

"புதுசு. மற்றது பழுது."

"பழசெல்லாம் பழுதுதான். என்னைப் பார்" என்றார்.

குசினிக்குள் இருந்து அம்மா, "உனக்குக் காய்ச்சலெண்டா நான் கையை வச்சுத்தான் பாத்தனான். ஆமைக்கு நல்ல யோகம்" என்றாள்.

புதியதை நம்பிப் பெட்டியின் சூட்டை வைத்தேன். குஞ்சு வெளிவர வேண்டிய காலம் வந்தது, போனது. ஒன்றும் அசையவில்லை. மிஸ் காரணம் கேட்டபோது யோசிக்காமலே சொன்னேன்: "கொண்டுவரேக்க ஆட்டுப்பட்டிருக்கும் மிஸ். அப்பா சைக்கிளில கொண்டுவந்தவர்."

வீட்டிலும் அதையே சொன்னேன். "அந்த றோட்டால சைக்கிளில கொண்டுவந்தா உள்ளுக்குக் கலங்காம என்ன செய்யும்?"

"நான் ஏறி ஓடேல்லையடா, உருட்டிக்கொண்டுதான்..." என்று தொடங்கிய அப்பா, அத்தோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு முட்டைகளைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு முட்டையைத் திறந்து பார்க்கச் சொன்னார் மிஸ். முட்டையின் தோலை நான்தான் வெட்டினேன். வயிற்றில் மஞ்சட்கரு ஒட்டியபடி ஒரு குஞ்சு. துடுப்பு ஒன்று மெல்ல அசைந்தது. வெளியே வர இன்னும் காலம் இருந்த உயிர். அது பிழைக்கவில்லை.

"இதுகள் சாகேல்ல தம்பி, பிந்துதுகள். பெட்டி குளிர்." மிஸ் கண்ணாடி வெப்பமானியைக் கையில் எடுத்தார். "இதை ஏன் ஒதுக்கினனீங்கள்?"

"ஐஸில மைனஸ் ரெண்டு காட்டினது மிஸ்."

"என்ன ஐஸ்?"

"அப்பான்ர மீன்பெட்டியில..." சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. மீன் நன்றாக விறைக்கட்டும் என்று அப்பா ஐஸுக்குள் கடல்தண்ணீர் ஊற்றுவார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். உப்புச் சேர்ந்தால் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியவன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்ன வெப்பமானியைப் பழுது என்று ஒதுக்கி, இரண்டு பாகை கூட்டிக் காட்டியதை நம்பிப் பெட்டியைக் குளிராக வைத்திருக்கிறேன்.

மிஸ் ஏசவில்லை. "சைக்கிளாலதான் எண்டு அப்பாட்டையும் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் மிஸ்."

சூட்டைச் சரியாக்கினோம். குஞ்சுகள் வரட்டும், நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. குஞ்சுகள் ஓடுடைத்து வந்த அன்றுதான் போய் அப்பாவுக்கு முன்னால் நின்றேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, குஞ்சுகள் வந்திட்டுது. கனக்கத் தப்பிட்டுது."

அவர் கை நின்றது. "அப்ப நான் ஆட்டினதில ஒண்டும் ஆகேல்லையோ?"

இவ்வளவு காலமும் அதை மனதில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போய் வந்திருக்கிறார். இல்லையப்பா, பிழை என்னுடையது என்று சொல்லத்தான் வந்தேன். வாயில் வந்தது வேறு: "இல்லை, உங்கட ஐஸில உப்பு இருந்தது. அதாலதான் சூட்டுக் கணக்குப் பிழைச்சது."

"ஓ, அதுவும் நான்தானோ?" என்று அப்பா பகிடியாகச் சிரித்தார்.

பக்கத்தில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லையப்பா. நான்தான். யோசிக்காம விட்டது நான்தான்."

"சரி, விடு." அவர் மறுபடி வலைக்குக் குனிந்தார். ஒரு கண்ணியைப் பொத்தி முடித்துவிட்டு, தலை நிமிராமல் கேட்டார். "கடலில விடேக்க நானும் வரலாமோ? மிஸ் ஒண்டும் சொல்லமாட்டாவோ?"