ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அம்மா

1. கழிவறையில் உட்கார்ந்தபோது ஆசனவாய் வழியே சதை வெளியே வந்தது.
2. விரலால் உள்ளே தள்ளினேன்.
3. மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவினேன்.
4. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நின்றபடி தோலைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே வெளியே வந்துவிட்டது.
5. புற்றுநோயோ என்று பயந்து, காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

எதிர் நாற்காலியில் புர்கா அணிந்த ஓர் அம்மா ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். அடிக்கடி பக்கம் மாற்றினார். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

“உனக்கு இன்னாம்மா?” என்று கேட்டார்.

“வயித்து வலி.”

“எனக்கும் அதே வயித்து வலிதான்” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “வெளிய வருதா?”

தலையசைத்தேன்.

“எனக்கு ரொம்ப வருஷமா வருது. வீட்டுக்காரருக்கே தெரியாது. உள்ள ஆம்பள டாக்டராம். எழுந்து போய்டலாமான்னு இருக்கு. நீ மொதல்ல போ. இன்னா பண்றாங்கன்னு வந்து சொல்லு, அப்பறம் பாக்கறேன்.”

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் காத்திருப்பாரே என்றுதான் உள்ளே போனேன்.

வெளியே வந்ததும் அவரிடம் சொன்னேன். “முக்கச் சொல்லிப் பாக்கறாங்க. நர்ஸம்மா கூடவே இருக்காங்க. வலிக்கல. மூலம் இல்லியாம், மலக்குடல் எறங்கி வெளிய வருதாம்.”

“நெசமா?”

“நெசம்தாம்மா.”

அவர் முகத்திரையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். என்னை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

எனக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்றிருக்கிறார்கள். வீட்டில் சொல்லிவிட்டேன். பயம் அப்படியே இருக்கிறது. அவருக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.