மலை கரைய எத்தனை கோடி வருஷம்?

1. மேனேஜரின் கேள்வி

“ஏனுங்க மேடம், இந்த மலை கரையறதுக்குப் பல கோடி வருஷம் ஆகும்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க? இப்ப வந்து, இன்னைக்கே லைனைக் காலி பண்ணுங்கன்னா எப்படிங்க?”

கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு சந்திரமோகன் என்னிடம் கேட்டது இது. குன்னூருக்குக் கீழே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர் அவர். லைன், லயம் என்பதெல்லாம் அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். நான் அரசுத் துறையில் ஜியாலஜிஸ்ட். மழைக்காலத்தில் மண் சரியக்கூடிய இடங்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. சொல்வது மட்டும்தான். ஆட்களை வெளியேற்ற உத்தரவு போட வருவாய்த் துறை வர வேண்டும். அன்று மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. போனில் சிக்னலும் இல்லை.

அவர் சொன்னது பொய்யில்லை. போன மாதம் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்குப் பூமியைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியிருந்தேன். இந்தியா இன்னும் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் பிளந்து அதற்குள் கடல் புகலாம். இன்னும் இருபது, இருபத்தைந்து கோடி ஆண்டுகளில் எல்லாக் கண்டங்களும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு கணிப்பு இருக்கிறது என்றேன். “அப்ப நம்ம மலை?” என்று கொழுந்து பறிக்கும் பாக்கியம் எழுந்து கேட்டாள். மழை இந்த மண்ணை அறுத்துப் பவானியில் போடுகிறது, பவானி காவிரியில் சேர்க்கிறது, காவிரி கடலில் கொட்டுகிறது, இப்படியே பல கோடி ஆண்டுகள் போனால் நீலகிரி தேய்ந்து தரையோடு தரையாகலாம் என்று பதில் சொன்னேன். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

அந்த நிம்மதிதான் இப்போது எனக்கு எதிரே குடை பிடித்து நின்றது.

2. மூடாத கதவுகள்

காலி பண்ணச் சொன்னதற்கான காரணத்தை அவரிடம் காட்டினேன். குடியிருப்பு லைனுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தரை வெடித்திருந்தது. கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போனது. மழைத் தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கீழே இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் மூடச் சொன்னேன். லைனின் கடைக்கோடி வீடுகளில் கதவு மூடவில்லை.

அதில் ஒன்று பாக்கியத்தின் வீடு. இரண்டு நாள் கழித்து அவள் மகளுக்குக் கல்யாணம். தேவர்சோலையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். வாசலில் பந்தல்.

“மழையில பலகை ஊறிப்போச்சும்மா, வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

நான் கதவு நிலையைக் காட்டினேன். பலகை ஊறவில்லை, நிலையே கோணியிருந்தது. வீட்டின் அடியில் தரை நகர்ந்திருக்கிறது.

“எங்கப்பா சிலோன்லேருந்து வந்து இந்த லயத்துலதான் ஏறுனாரு. நான் பொறந்ததும் இங்கனதான். ஒரு கல்லு உருண்டதில்ல. கோடி வருஷம்னு சொன்ன ஆளே இப்ப ஓடுங்கறீங்க!”

“மலை முழுசும் கரையத்தான் பாக்கியம் கோடி வருஷம். தினம் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் கரையாது. சும்மாவே இருக்கும், இருக்கும், ஒரு மழையில ஒரு துண்டு மொத்தமா வரும். இப்ப அந்தத் துண்டு உங்க தலைக்கு மேல நிக்குது.”

அவள் பந்தலைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். “மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?” என்று மெல்லக் கேட்டாள்.

போவதற்கு ஒரே இடம் ஃபேக்டரி மாடி. பறித்த இலையைக் காற்றில் வாட்டும் இடம். அன்றைய இலை முழுவதும் அங்கே பரப்பிக் கிடந்தது.

“அதை எடுத்தா இலை வீணுங்க. மலை விழலைன்னா கம்பெனி என்னைத்தான் கேக்கும்” என்றார் சந்திரமோகன்.

“நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

விழாமல் போனால் என் வேலைக்கும் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் ஃபேக்டரி பக்கம் திரும்பி, “இலையை ஒதுக்குங்கப்பா!” என்று கத்தினார். அரிசி மூட்டை, கல்யாணப் பெட்டி, கோழிகள், கட்டில் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இருட்டுவதற்குள் சனம் ஃபேக்டரி மாடிக்கு ஏறிவிட்டது.

3. வெயில் வந்த காலை

விடிந்தபோது மழை நின்று பளிச்சென்று வெயில் அடித்தது. ஃபேக்டரி ஜன்னலிலிருந்து பார்த்தால் லைன் அப்படியே நின்றது. பந்தல்கூடச் சரியவில்லை.

“மலை எங்கயும் போகலியே மேடம்” என்று ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். மழை நின்றாலும் உள்ளே இறங்கிய தண்ணீர் வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் பாக்கியம் ஓடி வந்தாள். “அவரக் காணோம்! சமையல் அண்டா எடுக்கப் போறேன்னாராம்!”

அவள் கணவர் ராமையாவைத் தேடி நாங்கள் மூவரும் ஓடினோம், நான், பாக்கியம், சந்திரமோகன். லைனை ஒட்டிய ஓடையைத் தாண்டும்போது என் கால் நின்றுவிட்டது. அவ்வளவு மழைக்குப் பிறகு ஓடையில் தண்ணீரே இல்லை. மேலே ஏதோ அசைந்து அதை அடைத்துவிட்டது.

நேற்று மூடாத வீட்டுக் கதவு, அவர் உள்ளே போன பிறகு நிலை இன்னும் கோணி, ஒரு கை நுழையும் இடைவெளியோடு இறுகியிருந்தது. உள்ளேயிருந்து ராமையா தட்டினார். “திறக்க மாட்டேங்குது!”

சந்திரமோகன் பந்தல் காலைப் பிடுங்கி ஜன்னலை இடித்தார். கம்பி வளையவில்லை. பாக்கியமும் சேர்ந்து இடித்தாள். மூன்றாவது இடியில் மரச்சட்டம் கம்பியோடு பெயர்ந்தது. ராமையாவைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். நான் மேலே பார்த்தேன். தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்துகொண்டிருந்தன.

“கீழ ஓடாதீங்க! பக்கவாட்டுல!” என்று கத்தினேன்.

நால்வரும் ரோட்டு மேட்டில் விழுந்தோம். முதுகுக்குப் பின்னால் லாரி லாரியாய்க் கல் கொட்டுவது போல் ஒரு சத்தம். திரும்பியபோது லைனின் கடைக்கோடி வீடுகள் இல்லை. அந்த இடத்தில் சிவப்பு மண், அதன் மேல் பச்சை மாறாத தேயிலைச் செடிகள். சந்திரமோகன் தரையில் உட்கார்ந்து, “அம்பது பேரு இருந்திருப்பாங்களேங்க… அம்பது பேரு…” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கல்யாணம் குறித்த நாளிலேயே ஃபேக்டரி மாடியில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்க வீட்டு மண்ணெல்லாம் இப்ப எங்கம்மா போகும்?”

“பவானி வழியா கடலுக்கு. அடியில படிஞ்சு கல்லாகும். கண்டங்கள் முட்டிச் சேரும்போது அந்தக் கல்லு மேல எழும்பி வேற ஒரு மலையாகலாம்.”

“அந்த மலைக்குக் கீழயும் எவனாச்சும் லயம் கட்டுவான்” என்றாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பூமியின் முகம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எப்படி மாறும் என்று தாராளமாகப் பேசுங்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை வருஷம் ஆகும் என்று யாராவது கேட்டால், கோடி என்ற எண்ணைச் சொல்வதற்கு முன் அவருடைய வீடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.