துண்டுக்குள் கை: மரியத்தோடு அந்தியூர் சந்தைக்கு

ஆடி மாதம் அந்தியூர் மாட்டுச் சந்தைக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் போனது ஒரே ஒரு முறை, தொண்ணூறுகளின் நடுவில். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோவையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். கல்லூரியின் விருந்தினர் விடுதியில் மரியம் தங்கியிருந்தார், பஹ்ரைன்காரர். அரபு நாட்டுக் கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் வெளிநாடுகளில் தங்கி ஆய்வு செய்ய அனுப்பும் ஒரு திட்டத்தில் மூன்று மாதத்துக்கு வந்தவர். அவருக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அவர் ஊர் திரும்ப ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது.

அவருடைய அப்பா முத்து வியாபாரி. அங்கே முத்துக்கு விலை பேசுவது ஒரு சிவப்புத் துணிக்கு அடியில், விரல்களாலேயே. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று அப்பா சொல்லித்தரவில்லை. அப்பா இறந்த பிறகு மரியம் போய்க் கேட்டபோது மற்ற வியாபாரிகளும் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நம் ஊர் மாட்டுத் தரகர்களும் துண்டுக்குள் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்தவர், பொள்ளாச்சியில் இரண்டு முறை முயன்று பார்த்திருந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. அந்தியூரிலும் நடக்காவிட்டால் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

மாலையில் அவர் விடுதி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் அடுத்த கட்டிடத்தில், மகளிர் விடுதி அறையில் தனியாக. நடுவில் ஒரே ஒரு மதில் சுவர். இருந்தும் மொழிபெயர்ப்பு வேலையைத் தவிர நாங்கள் எதுவும் பேசிக்கொண்டதில்லை. யார் முதலில் ஆரம்பிப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை போலும்.

காந்திபுரத்தில் காலை ஐந்தரைக்கு ஈரோடு பஸ். நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். பெருந்துறை தாண்டும்வரை மரியம் ஜன்னலைவிட்டுத் திரும்பவேயில்லை. ஈரோட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பவானி வழியாக அந்தியூருக்கு இன்னொரு பஸ், ஒரு மணி நேரம். அங்கிருந்து சந்தைக்கு நடந்தே போகலாம்; கூட்டம் வழி காட்டும்.

செல்லப்பன் என்கிற தரகர் காங்கேயம் காளை ஒன்றுக்கு விலை முடித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மரியம் அவர் முன் கையை நீட்டிவிட்டார். அவர் இரண்டடி பின்னால் போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏனுங்க டீச்சரம்மா, பொம்பளையாளு கையப் புடிச்சு வெல பேசினா நாளைக்கு எவனுங்க என்னய நம்பி மாட்ட ஓட்டியாருவான்?"

மரியத்துக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. முகத்திலேயே புரிந்துகொண்டு கையை மடக்கிக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்த தரகரின் மனைவி ருக்குமணி எழுந்து வந்தார். "அம்மணி கடல் தாண்டி வந்திருக்குது. எங்கையப் புடிங்க, நான் அதும் கையப் புடிக்கறேன்."

"உனக்கென்னடி தெரியும்?"

"தெரிய வேண்டாமுங்க. நீங்க அமுக்கறத அப்படியே அமுக்கறேன். கலியாணத்தன்னைக்குப் புடிச்ச கை. இன்னைக்காச்சும் ஒரு சோலிக்கு ஆகட்டும்."

ருக்குமணியின் இடக்கை துண்டுக்குள், புருஷனிடம். வலக்கை மரியத்தின் கறுப்புத் துப்பட்டாவுக்குள். "கரண்டுக் கம்பியாட்டப் போகுதுங்க" என்றார் சந்தைக்குக் குதிரை விற்க வந்திருந்த ஒருவர். ஒரு விரல், இரண்டு விரல், பாதி விரல், முழுக் கை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தரகர் வாயால் சொன்ன எண்ணை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சிறிது நேரத்தில் மரியம் எனக்கு முன்னாலேயே எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது எங்கள் ஊரிலும் இதேதான், அப்பா மேஜைமேல் தன்னையறியாமல் இப்படி அழுத்துவார்" என்றார். அதைத் தமிழில் சொன்னேன். தரகர் துண்டை எடுக்காமல் தலையாட்டினார். ருக்குமணி மட்டும், "இன்னொருக்கா அமுக்குங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மரியம் பவானி வரை நோட்டில் எழுதினார். பிறகு ஓர் அழுத்தத்தின் கணக்கைச் சரிபார்க்க என் பக்கம் திரும்பி, "அந்த நான்காவது எப்படி இருந்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மூன்று பேர் கை கோத்து நின்ற இரண்டு மணி நேரமும் நான் ஓரடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தேன். எண்கள் எல்லாம் நினைவிருந்தன. ஒரு விரலின் அழுத்தம்கூடத் தெரியாது. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஈரோடு பஸ்கள் இப்போது சிங்காநல்லூரிலிருந்து கிளம்புகின்றன. தண்ணீரும் தொப்பியும் அவசியம். பத்து மணிக்குள் சேர்ந்துவிடுங்கள், நல்ல மாடுகள் மதியத்துக்குள் கைமாறிவிடும். பேரம் நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். தமிழ் தெரியாத நண்பரை அழைத்துப்போனால், மொழிபெயர்ப்பவரையும் ஒருமுறை துண்டுக்குள் கை வைக்கச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.