கண்டக்டரின் விசில் கயிறு

என் மகள் பள்ளியில் சாரணியர் படையில் சேர்ந்த வருடம் அது. குடியரசு தினத்தன்று காலை, சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறியதும் அழ ஆரம்பித்தாள். கழுத்துத் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் காணோம்.

“யூனிபாரம் சரியா இல்லேன்னா டீச்சர் அணிவகுப்புல சேக்க மாட்டாகப்பா!”

யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாத நான், குனிந்து தரையிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கண்டக்டர் ஒல்லியான மனிதர், காதில் பேனா செருகியிருந்தார். பேச்சே கிடையாது, எல்லாவற்றுக்கும் விசில்தான். எங்களைப் பார்த்துவிட்டு, விசிலை வாயில் கவ்விக்கொண்டு அதன் கயிற்றைக் கழற்றினார். இரண்டு விரலில் சுற்றிப் பின்னி, வைகைப் பாலம் தாண்டுவதற்குள் அதை ஒரு வளையமாக்கி அவள் துணியில் மாட்டிவிட்டார்.

“அங்கிள், நீங்களும் ஸ்கவுட்டா?”

பதிலாக இடது கையை நீட்டினார்.

பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏப்பா, நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்குப் பீச்சாங்கையவா நீட்டுவ?”

“நாங்க இப்படித்தான் கை குலுக்குவோம் பாட்டி” என்று மகளும் இடது கையைக் கொடுத்தாள். கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயிலிருந்த விசிலும் சேர்ந்து சிரிக்க, பஸ் சடக்கென்று நின்றது.

“நிப்பாட்டாதீக டிரைவர் அண்ணே, கண்டக்டர் சிரிக்கிறாரு!” என்று படியிலிருந்து ஒருவர் கத்தினார்.

கோரிப்பாளையத்தில் இறங்கும்போது நன்றியாக நானும் என் இடது கையைத்தான் நீட்டினேன். அவர் அதை அழுத்திப் பிடித்துக் குலுக்கினார்.

இப்போதும் பஸ்ஸில் ஒற்றை விசில் கேட்டால், நிறுத்தச் சொல்கிறாரா, சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறேன்.