ரெண்டு அஞ்சுக்கும் நடுவே ஒரு வரப்பு

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஒரு பக்கம் போகும், நான் அதன் பின்னால் போவேன். அப்புறம் என்ன பேசினேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. கேட்டவர்களுக்கு மட்டும் நன்றாக நினைவிருக்கும். இதனால் எனக்குக் கெட்ட பெயரைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை, ஒரே ஒரு முறை தவிர.

மகள் பிளஸ் டூ முடித்ததும் நர்சிங்தான் படிப்பேன் என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன் நான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று என் கால் எப்படி வெடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் கால் அந்தத் தண்ணீரில் படக்கூடாது.

விண்ணப்பம் எல்லாம் இணையதளத்தில்தான். வீட்டில் நல்ல போன் என்னுடையது ஒன்று மட்டும் என்பதால் என் நம்பரைக் கொடுத்து, கணக்குத் தொடங்க பிரௌசிங் சென்டருக்குப் போனாள். போன் என்னிடம் இருந்தது. சென்டர்காரர் போனிலிருந்து கூப்பிட்டு, "பாஸ்வேர்டு இன்னா வெக்கறதுப்பா? உனக்கு ஞாபகம் இருக்கற மாதிரி சொல்லு" என்றாள்.

அளத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஆரம்பித்துவிட்டால் போனில் கத்தித்தான் பேச வேண்டும். நான் வரப்பில் நின்று கத்தினேன். "ஒம் பேரையே வெய்யி."

"பேரு வரக்கூடாதாம்ப்பா."

"கணக்கு ஒன்னுது, ஒம் பேரு வரக்கூடாதா? யாருடா அவன்? சரி, உப்புன்னு வெய்யி."

உப்பு சின்னதாக இருக்கிறதாம். போதாததற்கு, இங்கிலீஷில் எழுதினால் ஒரே எழுத்து அடுத்தடுத்து வருகிறதாம், அதுவும் கூடாதாம். எங்களுக்குச் சோறு போடுகிற உப்பையே வேண்டாம் என்கிறது ஒரு தளம்! எதிரே தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் என்று வை என்றேன். முதல் எழுத்துப் பெரிய எழுத்தாக வேண்டுமாம். வை. நம்பர் வேண்டுமாம். என் பைக் நம்பரைச் சொன்னேன், ஏழு அஞ்சு அஞ்சு ஒண்ணு. அதில் அஞ்சு அடுத்தடுத்து வருகிறதாம். அதோடு ஏதாவது ஒரு குறியும் வேண்டுமாம்.

"இன்னா குறி?"

"ஹேஷ்னு ஒண்ணு இருக்குதுப்பா. நம்ம பாத்தி மாதிரி இருக்கும். ரெண்டு வரப்பு நெடுக்க, ரெண்டு வரப்பு குறுக்க."

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்பது காற்றோடு போய்விட்டது. உப்புக் கூடை சுமந்துகொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள், அதைப் பார்த்து எனக்குக் கோபம் இன்னும் ஏறியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. சென்டர்காரரே போனை வாங்கிக் கேட்டுத் தட்ட, எப்படியோ கணக்குத் திறந்தது. சென்டர்காரர் பாஸ்வேர்டை என் போனுக்கு மெசேஜாக அனுப்பிவைத்தார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்த வேண்டிய நேரம் வந்தது. கடைசி நாளுக்கு முந்தைய நாள் பாத்தியில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் உப்புத் தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன், பயனில்லை. சிம்மும் போய்விட்டது. மறுநாள் காலையில் அதே நம்பருக்குப் புது சிம் வாங்கி, மனைவியின் பட்டன் போனில் போட்டேன். பேசலாம், ஆனால் ஒரு நாளைக்கு மெசேஜ் எதுவும் வராது, அதுதான் விதி என்றார் கடைக்காரர். பாஸ்வேர்டு இருந்த மெசேஜ் பழைய போனோடு போய்விட்டது; மெசேஜில் ஓடிபி வராவிட்டால் மறந்த பாஸ்வேர்டை மாற்றவும் முடியாது. தளம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடுகிறது.

நாலு மணிக்கு மேல் மகள் சென்டரிலிருந்து கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அப்பா, ரெண்டு அஞ்சு சேந்து வரக்கூடாதேன்னு ஒரு அஞ்ச எடுத்துட்டு ஹேஷை கடைசில போட்டேன், தப்புன்னுது. மோட்டாருக்குப் பக்கத்துல போட்டேன், அதுவும் தப்பு. இன்னொரு தடவை தப்பாப் போட்டா இன்னிக்குத் தொறக்காதாம்ப்பா."

"தட்டினவரு அவருதானே, கேளும்மா."

"தெனம் எத்தினி பேருக்குத் தட்றேன், எனக்கெப்டி ஞாபகம் இருக்கும்னு சொல்றாரு. ஒனக்கு அனுப்பின மெசேஜையும் அப்பவே அழிச்சிட்டாராம். நீ கத்தினதுல பாதி காத்துதாம்ப்பா எனக்குக் கேட்டுது."

ஒரு வருஷம் படித்த படிப்பு ஒரு பாத்திக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. போனை வைக்காதே என்று சொல்லிவிட்டு, கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டேன். "அன்னிக்குப் பாஸ்வேர்டு சொன்னேனே, யாருக்காவது ஞாபகம் இருக்குதா?"

"மறக்குமாண்ணா அது? மோட்டாரு, அப்புறம் வண்டி நம்பரு" என்றாள் ஒருத்தி.

"பாத்தி எங்க வரும்?"

"மோட்டாருக்குப் பக்கத்துல."

"இல்லடி" என்று குறுக்கே வந்தாள், அவர்களில் மூத்தவள். என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு அஞ்சும் அண்ணன் தம்பி மாதிரி அடிச்சிக்கினு நிக்குது, நடுவுல வரப்பப் போட்டுப் பிரிச்சி வுட்றுன்னு சொன்னீங்க. சொல்லிட்டுக் கையால இப்டி வெட்டினீங்க. அப்பதான் நாங்க சிரிச்சோம்" என்றாள்.

அவள் கையை வெட்டிக் காட்டியதைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. எனக்கு அந்த வார்த்தைகள் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அது என் கைதான், என் கோபம்தான்.

"ரெண்டு அஞ்சுக்கும் நடுவுல போடும்மா" என்றேன் போனில். அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பெண்கள் யாரும் கூடையைத் தூக்கவில்லை.

"தொறந்துடுச்சிப்பா!"

மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை, காற்றே காயவைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் மறுபடி பேசினாள். குரலில் எரிச்சல் இருந்தது. "அப்பா, இதை வெச்சி ரொம்ப நாளாயிடுச்சாம். புதுசு மாத்தினாத்தான் மேல போக வுடுமாம். பழசுல இருக்கற எதுவும் வரக்கூடாதாம். இன்னா வெக்கறது? சீக்கிரம்."

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தத் தளத்தில் சிவப்பில் எழுதியிருக்குமாம், பிறகு சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

கூடையைத் தூக்கப் போனவர்களை நிறுத்தினேன். "எல்லாரும் இப்டிக் கிட்ட வாங்க" என்றேன். அவர்கள் வந்து வரப்பில் வரிசையாக நின்றதும், புதுப் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, முடிந்த வரைக்கும் கோபமாக, கையை வெட்டி வெட்டிக் கத்தினேன்.