சிலுவையில் ஒரு செம்பு மோர்

பேத்திக்குப் பள்ளியில் தேவதை வேடம். இறக்கை வாடகைக்கு எடுக்கச் சேலம் சூரமங்கலத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஆதார் நகல் கேட்டார்கள். தேவதை எனக்கு என்ன உறவு என்பதற்குச் சான்று கேட்கவில்லை; விதிமுறை இன்னும் முழு வளர்ச்சி அடையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவனுக்குப் புத்தி இப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் உள்ளறையைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. மீசை ஒட்டும் பசையின் வாசனை. பிசினும் ஸ்பிரிட்டும் கலந்து மூக்கை லேசாகக் கிள்ளும். உங்களுக்கு அது என்னவாகப் படுமோ தெரியாது. எனக்கு அது ரோமாபுரியின் வாசனை.

என்னுடைய ரோமாபுரி எடப்பாடிக்குப் பக்கத்தில் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில், அறுவடை முடிந்த புஞ்சைக் காட்டில் மண் மேடை போட்டு, இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பார்கள். ரோமானியப் போர்வீரர்கள் எல்லோரும் தறிக்காரர்கள். வெயிலில் பசை இளகி மீசை நழுவும்; ஒரு கையில் ஈட்டி, மறு கையால் மீசை என்று பேரரசைக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நெற்றியில் விபூதி பூசிய நான் அதற்குள் எப்படிப் போனேன் என்றால், ஒலிபெருக்கி வழியாகத்தான். நாடகத்துக்கு அனுமதி, ஒலிபெருக்கிக்கு அனுமதி, கூட்டத்துக்குக் காவல் நிலையத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று எல்லாம் வேண்டும். சர்ச்சின் பங்குச் சாமியார் மனுவோடு அலைந்துகொண்டிருந்தார். தெற்கத்திக்காரர், படித்தவர், எழுதிய மனுவோ பிரசங்கம் போல இருந்தது. பிரசங்கத்துக்கு எந்த அலுவலகத்திலும் தனிப் பிரிவு கிடையாது. நான் அதை எந்த மேசையிலிருந்தும் திருப்பி அனுப்ப முடியாதபடி மாற்றி எழுதிக் கொடுத்தேன். நன்றிக்கடனாக, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பதவியை எனக்குத் தந்தார். ஊதியமில்லாத கூடுதல் பொறுப்பு.

ஒத்திகையில் வசனத்தைப் படித்தபோது அசந்துபோனேன். ரோமானிய ஆளுநன் பிலாத்து வழக்கை விசாரிக்கிறான், குற்றம் ஒன்றும் தெரியவில்லை. விடுவித்தால் வம்பு. ‘இது எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல’ என்று பக்கத்து நாட்டை ஆளும் ஏரோதுவுக்கு அனுப்புகிறான். ஏரோது பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறான். பிறகு பிலாத்து கையைக் கழுவிக்கொண்டு ஆணையில் கையெழுத்துப் போடுகிறான். எங்கள் அலுவலகத்தில் தினமும் நடப்பதுதான். கை கழுவத் தண்ணீர் வசதி மட்டும் எங்களிடம் இல்லை.

சாமியார் ஒத்திகை இடைவேளையில் டீ குடித்தபடி விளக்குவார். “கடவுள் மனுசனாப் பிறந்தார்னா வேசம் போட்டுட்டு வரலை சார். பசிச்சா பசி, முள்ளு குத்தினா வலி. எல்லாம் நெசம். நம்ம கஷ்டம் அவருக்குக் கேள்விப்பட்டுத் தெரியலை, பட்டுத் தெரியும்.”

இதை என் பாஷையில் மொழிபெயர்த்துக்கொண்டேன். எங்கள் துறையில் மேலதிகாரி கீழே இறங்குவதற்கு முகாம் என்று பெயர். ஜீப்பில் வருவார், மாலை போடுவார்கள், இளநீர் குடிப்பார், மனுக்களை வாங்கி எங்கள் தலையில் கட்டிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். இவர்கள் சொல்லும் கடவுள் முகாமுக்கு வந்தவர் இல்லை. தச்சர் வீட்டில் பிறந்து, யாரிடமும் பதவியைச் சொல்லாமல் மரம் இழைத்துக்கொண்டு, மனுக் கொடுக்கிறவர்கள் வரிசையிலேயே கடைசிவரை நின்றுவிட்டவர். வருடா வருடம் கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடத்திப் பழகிய எனக்கு இது நம்ப முடியாததாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இயேசுவாக நடித்தவர் ஆரோக்கியம். லாரி டிரைவர். சங்ககிரியிலிருந்து ஆந்திரா வரை ஓட்டுவார். வருடம் முழுக்க முதலாளி திட்டு, செக்போஸ்ட் திட்டு, லோடு ஏற்றுகிறவர்கள் திட்டு. நாடகத்துக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பீடியை விட்டு, தாடி வளர்த்து, வண்டியைக்கூடச் சாந்தமாக ஓட்டுவதாகக் கிளீனர் சொல்வான். “வருசமெல்லா ‘ஏ டிரைவரு’ங்க சார். அன்னைக்கு ஒரு நாளு அத்தன பேரும் என்னைய நிமுந்து பாக்கறாங்க” என்பார். அதற்குமேல் அவருக்கு விளக்கத் தெரியாது. தேவையும் இல்லை.

அந்தப் பதவிக்குத்தான் அந்த வருடம் ஆபத்து வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் சாமியாருக்கு அறிமுகமாகியிருந்தார். நல்ல உயரம், சிவப்பு, வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் குரல். ஆரோக்கியமோ, பிலாத்து கேள்வி கேட்டால் “ஆமாங்க” என்று பதில் சொல்லிவிடுவார். சாமியார் ஒரு நிபந்தனை போட்டார். இயேசு வேடம் போடுகிறவர் பெரிய வெள்ளி காலையிலிருந்து நாடகம் முடியும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருப்பது அந்த ஊர் வழக்கம். போன முறை ஆரோக்கியம் இடையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததாக யாரோ கோள் சொல்லியிருந்தார்கள்.

“இந்த வாட்டி ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும், அடுத்த வருசம் பேராசிரியர்தான். உனக்குப் போர்வீரன் வேசம்.”

“ஆகட்டுங்க சாமி” என்றார் ஆரோக்கியம். முகம் சுண்டிப்போயிற்று.

இங்கே தண்ணீரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மேடைக்கு நிலம் கொடுத்தவர் ஊர்ப் பண்ணையக்காரர். அவர் மனைவி பாவாயி அம்மாள். ஒத்திகை நாட்களில் தாகத்துக்கு அவர்கள் வீட்டுக்குத்தான் போவோம். எனக்குச் செம்பைக் கையில் கொடுப்பார். ஆரோக்கியமும் அவர் தெருக்காரர்களும் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று கையைக் குவிப்பார்கள்; அதில் மேலிருந்து ஊற்றுவார். இதற்கு எந்த அரசாணையும் கிடையாது. ஆனால் நான் பார்த்த எந்த அரசாணையைவிடவும் ஒழுங்காக நடைமுறையில் இருந்தது.

பெரிய வெள்ளி வந்தது. வெயில் கொளுத்தியது. கூட்டத்தில் பாதிக்குமேல் விபூதிக்காரர்கள்தான். சுற்றுப்பட்டி முழுக்க மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வந்திருந்தது. பண்ணையக்காரருக்கு முன்வரிசையில் நாற்காலி. பாவாயி அம்மாள் பெண்களோடு தரையில், மடியில் ஒரு செம்பு மோரோடு. ஆரோக்கியத்தைச் சிலுவையில் இரு கைகளையும் கயிற்றால் கட்டி நிறுத்தினார்கள். கால் வைக்க ஒரு கட்டை. பக்கத்தில் போர்வீரன் ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி. அந்த வீரன் தறிக்காரச் சின்னப்பன், ஈட்டி நுனியில் காடி என்கிற புளித்த ரசம் தோய்த்த பஞ்சோடு தயாராக நின்றார்.

நான் திரைக்குப் பின்னால் இருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தேன்: “தாகம் கொண்டேன்.”

ஆரோக்கியம் வாயைத் திறந்தார். காலையிலிருந்து தண்ணீர் படாத தொண்டை. எடுத்துக் கொடுத்தது எங்கேயோ போய்விட்டது. “தாகமா இருக்குதுங்க” என்றார், மைக்கில். குரல் பாதியில் கீறிக்கொண்டது.

சின்னப்பன் பஞ்சை உயர்த்தினார். அப்போதுதான் பாவாயி அம்மாள் எழுந்தார்.

“ஏனுங்க, தவிச்சுப்போயிக் கேக்குது, காடியக் குடுக்கறீங்களே. நல்லா இருப்பீங்களா?”

“அட, நாடகம் புள்ள அது. உக்காரு” என்றார் பண்ணையக்காரர், திரும்பிப் பார்க்காமலே.

“ஒதடு வெடிச்சுக் கெடக்குது பாருங்க. அதும் நாடகமா?”

செம்போடு மேடை ஏறிவிட்டார். பார்வையாளர் மேடை ஏறினால் என்ன செய்வது என்பதற்கு எந்த வழிகாட்டுதலும் இல்லை. சின்னப்பன் ஈட்டியைத் தாழ்த்திவிட்டு ஒதுங்கி நின்றார். “பாத்து ஏறுங்கம்மா. பொட்டி ஆடுமுங்க” என்றார். பேரரசின் அந்தப் பணிவு ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது.

பெட்டிமேல் ஏறிய பாவாயி அம்மாள், வழக்கப்படி, ஊற்றுவதற்காகச் செம்பை உயர்த்தினார். அப்படியே நின்றார். குவிப்பதற்குக் கை இல்லை. இரண்டும் கட்டியிருந்தது. உயரத்திலிருந்து ஊற்றினால் தாடியில்தான் போகும். அவர் ஒரு கணம் கட்டிய கைகளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பண்ணையக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் செம்பின் விளிம்பை ஆரோக்கியத்தின் உதட்டில் வைத்தார்.

“குடி சாமி.”

ஆரோக்கியம் திரைப் பக்கம் பார்த்தார். அங்கே என் பின்னால் சாமியார் நின்றிருந்தார். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும், அந்த நிமிர்ந்த முகங்கள் எல்லாமும் அந்தச் செம்பில் இருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முழுச் செம்பையும்.

அதன் பிறகு அவர் உயிர் துறந்த காட்சி அவ்வளவாக எடுபடவில்லை என்பதை உள்ளபடியே பதிவு செய்கிறேன். ஒரு செம்பு மோர் குடித்தவர் முகத்தில் மரணத்தைக் கொண்டுவருவது கடினம்.

நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் சாமியார் என்னைக் கூப்பிட்டார். ஆரோக்கியம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். “போச்சுங்களா சார்?” என்றார் என்னிடம்.

“விதிமுறை தெரிஞ்சவர் நீங்க, சொல்லுங்க” என்றார் சாமியார். “விரதம் முறிஞ்சுதா, இல்லையா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு குறிப்பாணைத் தொனியில் சொன்னேன். “விரதம் இருந்தது ஆரோக்கியம். மோர் குடிச்சது இயேசு. இயேசுவுக்கு விரதம் எதுவும் விதிக்கப்படலை. ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை.”

சாமியார் சிரித்துவிட்டார். “கெட்டிக்காரத்தனம்தான். ஆனா அங்கேதான் தப்பு. கடவுளைத் தனியா, மனுசனைத் தனியாப் பிரிச்சு வெச்சவங்களோடதான் எங்க ஆளுங்க காலங்காலமாச் சண்டை போட்டாங்க. பிரிக்க முடியாது சார். தாகம்னா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தாகம்.”

“அப்ப நா முறிச்சுப்போட்டனுங்களா?”

சாமியார் சின்னப்பனின் காடிப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவரு இத்தனை காலமாக் கேட்டுட்டே தொங்குறாரு. இதைத் தவிர யாரும் ஒண்ணும் நீட்டலை. ஒரு அம்மா கொண்டாந்து குடுக்கறப்ப வேண்டாம்னு சொல்ல உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? வாயைத் துடை. தாடியெல்லாம் மோரு.”

“அடுத்த வருசமுங்க?”

“தாடியை எடுத்துடு. இப்பவே வளர்த்தா அரிக்கும்.”

பேராசிரியருக்கு ஏரோது வேடம் ஒதுக்கப்பட்டது. அவர் ஏற்கவில்லை. தகுதிக்குக் குறைவான நியமனம் என்று நினைத்திருப்பார்.

இத்தோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த வாரமே ஆரோக்கியம் கடலைக்காய் மூட்டை ஏற்ற பண்ணையக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். தண்ணீர் கேட்டதும் பாவாயி அம்மாள், “கையக் குவி” என்றாராம்.

“அன்னைக்கு எப்படிங்கம்மா செம்போட குடுத்தீங்கன்னு கேட்டனுங்க சார். ‘அன்னைக்கு உனக்குக் கை கட்டியிருந்துது. இன்னைக்குச் சும்மாதான இருக்குது’ன்னு சொல்லிப்போட்டாங்க.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இயேசு என்ற பொறுப்புப் பதவி அந்த வெள்ளிக்கிழமையோடே முடிவுக்கு வந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆணையும் சொல்லியிருக்காது.

ஆனால் மோர் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் பாவாயி அம்மாள் எழுந்து வருவார். சின்னப்பன் ஈட்டியைத் தூக்குவதற்கு முன்னால், அம்மா வந்தாயிற்றா என்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்வார். வசனத் தாளில் அதை நானே பென்சிலால் சேர்த்தேன்: ‘மோர் வரும் வரை காத்திருக்கவும்.’

எண்பதுகளின் கடைசியில், வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்த நான் நாடகம் பார்க்கப் போனேன். பழைய சாமியாரும் மாற்றலாகிப் போயிருந்தார். புதிய விழாக்குழு. வசனம் முழுக்க மதுரையில் பதிவு செய்த கேசட். எடுத்துக் கொடுக்க ஆள் தேவையில்லாமல் என் பதவி ஒழிக்கப்பட்டிருந்தது. இயேசு பாலிடெக்னிக் மாணவன். முழங்கால் வலியால் ஓய்வுபெற்ற ஆரோக்கியம், நரைத்த தலையோடு தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒலிபெருக்கியில் கம்பீரமாக, எதிரொலியோடு, “தாகம் கொண்டேன்” என்று குரல் வந்தது. பையனின் வாய் சற்றுத் தாமதமாக அசைந்தது. பாவாயி அம்மாள் எழுந்தார். கயிறு கட்டிய தடுப்புவரை போனார். அங்கே சட்டையில் பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர்.

“உள்ள போகக் கூடாதுங்கம்மா. கேசட் ஓடிட்டிருக்குது. நிறுத்த முடியாதுங்க.”

“பேசறது ஒருத்தன், தொங்கறது ஒருத்தன். இதுல யாருக்குச் சாமி தாகம்?”

தொண்டர் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினார். பாவாயி அம்மாள் அடுத்த காட்சி தொடங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு திரும்பி, கூட்டத்துக்குள் கண்ணைச் சுருக்கித் தேடி, எங்களிடம் வந்தார்.

“இந்தா ஆரோக்கியம், நீயாச்சும் குடி.”

ஆரோக்கியம் பழக்கத்தில் கையைக் குவித்தார்.

“செம்பப் புடிடா. தூக்கி ஊத்தறதுக்கு எனக்குக் கை வரமாட்டேங்குது.”

அவர் இரண்டு கையாலும் செம்பை வாங்கினார். வாய் வைத்துக் குடித்தார். மேடையில் இடி இடித்தது, கேசட்டில்.

அந்தக் காட்டில் இப்போது லாரி எடை மேடை இருக்கிறது. நாடகம் நின்று வெகு காலமாயிற்று. பாவாயி அம்மாளும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை. மாட்டுக் கொட்டகை ஓரம் கை குவித்து நிற்பதும் அந்தப் பக்கம் கண்ணில் படுவதில்லை; மறைந்துபோனவற்றில் நான் தேடாதது அது ஒன்றுதான். மேடையில் ஒருவன் தாகம் என்றதும் செம்போடு எழுந்துவிடும் பார்வையாளரைத்தான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை.