பிஷப்பின் தலை அளவு

பெனின் நகரத்தில் இவியேயைப் போலத் விளம்பரப் படத்தில் தலைகளுக்கு அளவு போடத் தெரிந்தவள் கிடையாது. ஒரு தெருவையே தபால்தலைக்குள் அடக்குவாள். ஒரு கொசுவைச் சுவரளவுக்கு இழுத்தாலும் மூக்கு முழி கெடாமல் பார்த்துக்கொள்வாள். சரி, கொசு கொஞ்சம் மிகைதான். சபை ஊழியக்காரர்களின் தலை விஷயத்தில் மட்டும் மிகையே இல்லை.

சபைக் கூட்ட விளம்பரத்தில் பிஷப்பின் தலைதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்க வேண்டும். அவர் மனைவியின் தலை ஒரு சுற்றுச் சிறியது. பேச வரும் வெளியூர்ப் போதகர் எவ்வளவு பெயர்பெற்றவரானாலும் அவர் தலை அதற்கும் ஒரு சுற்றுச் சிறியது. இதை யாரும் எழுதிவைத்ததில்லை, தெரியாதவரும் இல்லை. முன்பு இந்த வேலையைச் செய்த ஃபெஸ்டஸ் ஒரு விருந்தாளியைப் பெரிதாக்கிவிட்டான். அடுத்த ஞாயிறே சபை வாசல் கொட்டகையைக் காலி செய்தான். அதே கொட்டகையில்தான் இப்போது இவியேயின் மேசையும் மடிக்கணினியும். வாடகையில்லாத வேறு இடம் அவளுக்கு யார் தருவார்கள்? தையல் தொழிலை விட்டு ஆறு வருடமாகியும் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. திரையில் ஒவ்வொரு தலையையும் அளந்த பிறகே எதையும் அனுப்புவாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அளக்கவில்லை. பிஷப்பும் விருந்தாளியும் மட்டும் இருந்த வாட்ஸ்அப் சதுரப் படத்தை பிஷப் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். அதையே வாசலுக்கு நீளப் பேனராக்க வேண்டும். வடிவமைப்புத் தளத்தில் அளவு மாற்றும் பொத்தானை அழுத்தினாள். படங்கள் இடம் மாறி, வலப்பக்கம் வெற்றிடம் விழுந்தது. லாகோஸிலிருந்து வரும் விருந்தாளிப் போதகர் அப்போஸ்தலர் எகேயின் படத்தை மூலையைப் பிடித்து இழுத்து அதை நிரப்பினாள். மின்சாரம் போனது. இணையம் திணறியது. அச்சகத்து ஒசாரோ போன் மேல் போன் போட்டார். அனுப்பிவிட்டாள்.

பிறகு திறந்து டேப்பை வைத்துப் பார்த்தாள். அப்போஸ்தலர் நான்கு அங்குலம். பிஷப் மூன்று. ஒசாரோவைப் போனில் பிடித்தாள்.

“அண்ணே, நிறுத்துங்க!”

“எத நிறுத்த? மெஷின விட்டே இறங்கிடுச்சும்மா.”

ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் ஃபெஸ்டஸ் மேசையைத் தலையில் தூக்கிப் போனதுதான் கண்ணில் நின்றது. அச்சகத் தரையில் பேனர் விரிந்து கிடந்தது. அப்போஸ்தலர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பக்கத்தில் பிஷப் அவரிடம் வேலை கேட்டு வந்தவர் போல நின்றார்.

“ஃபெஸ்டஸுக்குத் துணைக்குப் போகப்போறியா?” என்றார் ஒசாரோ.

“பயமுறுத்தாதீங்கண்ணே. வேற ஃப்ளெக்ஸ் இருக்கா?”

“சுருள் தீந்துபோச்சு. இந்தத் துண்டுதான் மிச்சம். தலைக்குக் காணும், உடம்புக்குக் காணாது.”

தலை போதும் என்று அவருடைய கணினியில் உட்கார்ந்தாள். பிஷப்பின் படமோ போனில் வந்த சின்னப் படம். இழுக்க இழுக்க முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. சிறிதாக விட்டால் தெளிவு, பெரிதாக்கினால் கலங்கல்.

“சீக்கிரம் சொல்லும்மா. பத்து மணிக்குக் கூட்டம்.”

“பெருசாவே அடிங்க.”

வெட்டி, பழைய தலைமேல் ஒட்டினார்கள். கண்கள் இரண்டும் மைத் தீற்றலாக இருந்தன.

பேனர் ஏறி முடிக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பிஷப் இறங்கி அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். இவியே மடிக்கணினியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“டாடி, பாருங்க!” என்றார் கூட வந்த அப்போஸ்தலர், மூத்த போதகர்களை அங்கே எல்லோரும் அழைக்கும் முறையில். “உங்க முகத்தச் சுத்தி மேகம்! மகிமை இறங்கியிருக்கு!”

பிஷப்பின் முகம் மெல்ல மலர்ந்தது. “ஆமென்.”

“மகிமையுமில்ல, மேகமுமில்ல” என்றார் காரிலிருந்து இறங்கிய பிஷப்பின் மனைவி. “துளியூண்டு போட்டோவ இழுத்திருக்கா. திங்கக்கிழமை வீட்டுக்கு வாம்மா, கேமராவுல எடுத்தது தரேன். அடுத்த கூட்டத்துக்கு அதப் போடு.”